கடல் கடந்து வந்த தீர்ப்பு

வழக்கறிஞர் தொழிலில் நான் அடியெடுத்து வைத்த புதிது, 1990-களின் தொடக்கம். ஒரு ஜில்லாத் தலைநகரில் என் மூத்தவருடைய அலுவலகத்துக்கு ஒரு பெண்மணி தம் தந்தையாருடன் வந்தார். கையில் நீளமான அயல்நாட்டு உறை. உள்ளே மூன்று தாள்கள் இருந்தன. அமெரிக்க நாட்டு நீதிமன்றம் ஒன்று அவருக்கும் அவர் கணவருக்கும் இருந்த மண உறவை முறித்துவிட்டது என்பதே அத்தாள்களின் சாரம். அந்த நீதிமன்றத்தை அவர் கண்டதில்லை. அந்த நாட்டையே கண்டதில்லை. வழக்கொன்று நடந்தது என்ற செய்தியே, அது முடிந்த பின்பு தபாலில் வந்த இந்த உறையால்தான் அவருக்குத் தெரிந்தது. தந்தையார் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார். பெண்மணி அவரை இடைமறித்து ஒரே கேள்வி கேட்டார்: "ஐயா, நான் இப்போது அவருக்கு மனைவியா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்."

மூத்தவர் உடனே விடை கூறவில்லை. தாள்களை வெளிச்சத்தில் பிடித்து முத்திரை இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு மூன்று கேள்விகள் கேட்டார். கணவர் அந்த ஊரில் எவ்வளவு காலமாகக் குடியிருக்கிறார்? வழக்கைப் பற்றி முன்கூட்டி அறிவிப்பு வந்ததா, வந்திருந்தால் நேரிலோ வக்கீல் மூலமோ அங்கே வழக்காடினீர்களா? என்ன காரணம் சொல்லி மணத்தை முறித்திருக்கிறார்கள்? இக்கேள்விகளை அவர் அன்று காலையில் யோசித்துக் கண்டுபிடித்தாரல்லர். அவற்றுக்குப் பின்னால் நூறாண்டு வரலாறு இருந்தது. அவ்வரலாற்றையே மாணவ நண்பர்களாகிய உங்களுக்கு இன்று கூற விழைகிறேன்.

தொடங்குமுன் ஒரு சிறு விளக்கம். கடன் தொகைக்காக ஒரு நீதிமன்றம் தீர்ப்பளித்தால் அதை நிறைவேற்ற அமீனா வரவேண்டும். பொருள்களை ஜப்தி செய்யவேண்டும். மணமுறிவுத் தீர்ப்புக்கு அமீனா தேவையில்லை. 'இன்று முதல் இவ்விருவரும் கணவன் மனைவியர் அல்லர்' என்று அது ஒருவருடைய நிலையை அறிவிக்கிறது, அவ்வளவே. ஆகவே அத்தீர்ப்பு மற்றோர் ஊருக்கு வரும்போது எழும் வினா, அதனை எவ்வாறு நிறைவேற்றுவது என்பதன்று. அதனை நாம் ஒப்புக்கொள்ள வேண்டுமா என்பதேயாகும். இந்த வினா சும்மா இருக்கும்போது எழுவதில்லை. ஒருவர் மறுமணம் செய்துகொள்ளும்போது, மனைவி ஜீவனாம்சம் கேட்கும்போது, இறந்தவருடைய சொத்துக்கு இரு விதவைகள் வந்து நிற்கும்போது எழுகிறது.

அயலூர்த் தீர்ப்பு எதையும் ஏற்பதில்லை என்று ஒவ்வொரு நாடும் பிடிவாதம் பிடித்தால், எல்லைக்கு அப்பால் மணமாகாதவராக இருப்பவர் எல்லையைத் தாண்டியதும் மணமானவராகிவிடுவார். சட்ட நூலார் இத்தகைய மணத்தை 'நொண்டும் மணம்' என்று அழைப்பர். எல்லாத் தீர்ப்பையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றாலோ, சட்டம் எங்கே மிக இளகியிருக்கிறதோ அங்கே ஓடிப்போய் ஒரு தாளை வாங்கி வந்துவிடலாம். இவ்விரண்டு தொல்லைகளுக்கும் நடுவே வழி தேடியதுதான் இவ்வரலாறு.

நமக்கு மிக அருகில், இலங்கையின் தென்கரையிலுள்ள மாத்தறையிலிருந்து தொடங்குவோம். அங்கே லெ மெசூரியர் என்பவர் இலங்கை சிவில் சர்வீசில் அலுவல் பார்த்து வந்தார். மனைவி மீது குற்றஞ்சாட்டி, மாத்தறை ஜில்லா நீதிமன்றத்தில் மணமுறிவு கோரி வழக்குத் தொடுத்தார். ஜில்லா நீதிபதி அளித்தார்; கொழும்பு உயர்மன்றம் மறுத்தது. வழக்கு இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. 1895-ஆம் ஆண்டில் வாட்சன் பிரபு சொன்ன தீர்ப்பு, இலங்கையோடு நில்லாமல் ஆங்கிலப் பேரரசு முழுவதற்கும் வழிகாட்டியாயிற்று. ஒருவர் ஓரூரில் வேலை நிமித்தமாகச் சில ஆண்டுகள் தங்கியிருப்பது போதாது. எந்த நாட்டைத் தம் நிலையான வீடாகக் கருதுகிறாரோ அந்நாட்டு நீதிமன்றமே அவருடைய மணத்தை முறிக்கத் தகுதியுடையது என்பது அதன் கருத்து. சட்டத்தார் இதனை 'டொமிசைல்' என்பர். தமிழில் 'நிலைக்குடி' என்று சொல்லிக்கொள்கிறேன். இதைவிட நல்ல சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்ளத் தடையில்லை. லெ மெசூரியருடைய நிலைக்குடி இங்கிலாந்து. ஆகவே மாத்தறைத் தீர்ப்புச் செல்லாது என்று முடிந்தது.

விதி கேட்க நேர்மையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்குள் ஒரு முள் மறைந்திருந்தது. அக்கால ஆங்கிலச் சட்டத்தில் மனைவிக்கென்று தனி நிலைக்குடி கிடையாது. கணவனுடையது எதுவோ அதுவே அவளுடையது. மனைவியைக் கைவிட்டுக் கணவன் வேறொரு தேசத்தில் குடியேறிவிட்டால், காலடி படாத அந்தத் தேசமே சட்டத்தின் கண்ணில் அவளுக்கும் வீடு! நியாயம் வேண்டுமானால் அவள் அங்கே போகவேண்டும். அவனுக்கு வேண்டுமானால் வாசற்படியிலேயே கிடைக்கும். இங்கிலாந்து இந்த முள்ளை எடுக்க 1973-இல் தனிச்சட்டம் இயற்றவேண்டியிருந்தது. அது 1974-ஆம் ஆண்டின் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

இந்த விதி இந்தியாவிலும் ஒரு குழப்பத்தை விளைத்தது. 1869-ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டத்தின்படி இந்திய நீதிமன்றங்கள், இங்கே வாழ்ந்த ஆங்கிலேயர் பலருடைய மணங்களை முறித்து வந்தன. 1921-இல் இலண்டன் நீதிமன்றம் ஒன்று, இங்கிலாந்தை நிலைக்குடியாகக் கொண்டவர்களின் மணத்தை முறிக்க இந்திய நீதிமன்றங்களுக்கு அதிகாரமே இல்லை என்று கூறிவிட்டது. அத்தீர்ப்புகளை நம்பி மறுமணம் செய்துகொண்டவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஒரு காலைப் பொழுதில் பத்திரிகையைப் பிரித்தவர், தாம் இருதாரம் உடையவர் என்று அறிந்திருப்பார். பார்லிமெண்டு அவ்வாண்டிலேயே சட்டம் இயற்றிப் பழைய தீர்ப்புகளுக்கு உயிர் கொடுத்தது. ஆளுகிறவர்களுக்கு இடையூறு என்றால் சட்டம் எவ்வளவு விரைவாக நடக்கிறது!

இனி அமெரிக்காவுக்குச் செல்வோம். அங்கே சிக்கல் இன்னும் விசித்திரமானது. ஒரே தேசம், ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் மணச்சட்டம் வேறு. நியூயார்க்கில் 1960-களின் இடைப்பகுதி வரையில் பிறர்மனை நயத்தல் ஒன்றைத் தவிர வேறு காரணத்துக்கு மணமுறிவு கிடையாது. தென் கரோலினாவிலோ 1949 வரை மணமுறிவே கிடையாது. இவற்றுக்கிடையே ஒரு மாநிலத்தின் தீர்ப்பை மற்ற மாநிலங்கள் முழு நம்பிக்கையோடு மதிக்கவேண்டும் என்று அவர்களுடைய அரசியலமைப்பின் நான்காம் பிரிவு கட்டளையிடுகிறது. மணமுறிவுக்கும் அது பொருந்துமா? 1906-இல் ஹாடக் வழக்கில் இந்த வினா வாஷிங்டன் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. கணவர் கனெக்டிகட் மாநிலத்தில் மணமுறிவு பெற்றிருந்தார். நியூயார்க்கிலிருந்த மனைவி அவ்வழக்கில் தோன்றவே இல்லை. நியூயார்க் அத்தீர்ப்பை ஏற்கக் கட்டுப்பட்டதன்று என்று ஐந்து நீதிபதிகள் கூற, நால்வர் மறுத்தனர்.

இந்நிலையில் நெவாடா என்னும் பாலைவன மாநிலம் மணமுறிவை ஒரு தொழிலாகவே வளர்த்துவிட்டது. வெள்ளிச் சுரங்கங்கள் வற்றிய ஊர் அது. பிழைக்க வழி வேண்டும். வழக்குத் தொடுக்கு முன் அங்கே ஆறு மாதம் வசித்திருக்கவேண்டும் என்றிருந்த விதியை 1927-இல் மூன்று மாதமாகவும், 1931-இல் ஆறே வாரமாகவும் குறைத்தார்கள். சூதாட்டத்துக்கு அனுமதி வழங்கியதும் அதே 1931-இல்தான். ரீனோ நகருக்கு ரயிலேறி வந்து, விடுதியில் ஆறு வாரம் தங்கி, 'இதுவே என் நிலையான வீடு' என்று சத்தியம் செய்துவிட்டு, தீர்ப்பை வாங்கிய கையோடு அடுத்த ரயிலில் ஊர் திரும்பினார்கள். நீதிமன்றத்தை விட்டு வெளியே வந்தவர்கள் பக்கத்திலிருந்த ட்ரக்கி ஆற்றில் மணமோதிரத்தை எறிவார்கள் என்று கதை சொல்வதுண்டு. இவ்வாறு வந்தவர்களில் பெண்களும் மிகப் பலர் என்பதை மறந்துவிடக் கூடாது. நியூயார்க்கின் இறுகிய சட்டத்திலிருந்து வெளியேறப் பணமுள்ள மனைவியருக்கு இருந்த கதவு ரீனோ. பணமில்லாதவர்களுக்கு அந்தக் கதவும் இல்லை.

1940-ஆம் ஆண்டு மே மாதம், வட கரோலினாவைச் சேர்ந்த வில்லியம்ஸ் என்ற கடைக்காரர், தம் கடைச் சிப்பந்தியின் மனைவியோடு நெவாடாவிலுள்ள லாஸ் வேகாஸுக்குப் போனார். அவர் தம் மனைவியை மணந்தது 1916-இல். இருவரும் சாலையோர விடுதி ஒன்றில் தங்கி, ஆறு வாரம் கழிந்ததும் தத்தம் மண உறவை முறிக்க மனுச் செய்தனர். மற்றப் பெண்ணின் கணவருக்குப் பத்திரிகை விளம்பரமும் தபாலில் ஒரு நகலும். ஊரிலிருந்த மனைவிக்கு வட கரோலினாவின் ஷெரீபே நெவாடா அறிவிப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தார். மணத்தை முறிக்கும் தாளைக் கொடுத்ததும், பிறகு அம்முறிவை மறுத்து வழக்குத் தொடுத்ததும் ஒரே மாநிலம்! அக்டோபர் மாதத்தில் இரண்டாவது தீர்ப்புக் கிடைத்த அன்றே இருவரும் மணந்துகொண்டு ஊர் திரும்பினர். வட கரோலினா அவர்களை இருதாரக் குற்றத்துக்காகக் கூண்டில் ஏற்றித் தண்டித்தது.

1942-இல் சுப்ரீம் கோர்ட்டு அத்தண்டனையை நீக்கியது. நீதிபதி டக்ளஸ் எழுதிய அத்தீர்ப்பு 1906-ஆம் ஆண்டு ஹாடக் தீர்ப்பையே தள்ளிவிட்டது. வாதி உண்மையிலேயே நெவாடாவில் நிலைக்குடி கொண்டவராயின், மனைவி அங்கே வராவிட்டாலும் தீர்ப்பு எல்லா மாநிலங்களிலும் செல்லும் என்றது. இந்த 'ஆயின்' என்ற ஒரு சொல்லை வட கரோலினா விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டது. இருவருக்கும் நெவாடாவில் உண்மையான குடியிருப்பே இல்லை, ஏமாற்றத்துக்காகவே போனார்கள் என்று மீண்டும் வழக்கு நடத்தி மீண்டும் தண்டித்தது. 1945-இல் அதே சுப்ரீம் கோர்ட்டு, இம்முறை நீதிபதி ஃபிராங்ஃபர்ட்டரின் எழுத்தில், ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தண்டனை செல்லும் என்றது. நிலைக்குடி இருந்ததா என்பதை நெவாடா தானே சொல்லிக்கொண்டால் போதாது. மணவாழ்வு நடந்த மாநிலமும் அதனைத் திறந்து பார்க்கலாம்! ஒரே இருவர், ஒரே சுப்ரீம் கோர்ட்டு, மூன்று ஆண்டுக்குள் எதிரெதிரான இரண்டு முடிவுகள். சட்டக் கல்லூரியில் இதைப் படித்தபோது எனக்குத் தலை சுற்றியது. பிறகு புரிந்தது: இரண்டாம் தீர்ப்பு முதல் தீர்ப்பை மறுக்கவில்லை, அதன் அடித்தளத்தைத் தட்டிப் பார்த்தது.

1948-இல் இன்னும் இரண்டு படிகள் ஏறினர். எதிர்த்தரப்பு நேரில் வந்து வழக்காடியிருந்தால், நிலைக்குடி பொய்யென்று பின்னால் கிளறக் கூடாது என்று ஒரு தீர்ப்பு. மற்றொன்று எனக்கு மிகவும் பிடித்தது: நெவாடாவின் தீர்ப்பு மணத்தை முறித்தாலும், அங்கே வராத மனைவிக்கு நியூயார்க் முன்பே வழங்கியிருந்த ஜீவனாம்ச உரிமையை அது அழிக்காது. நிலை வேறு, சோறு வேறு. பின்னர் 1970-இல் கலிபோர்னியாவில் குற்றம் சாட்டாமலேயே மணத்தை முறிக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மற்ற மாநிலங்களும் மெல்ல அவ்வழியே சென்றன. நியூயார்க் கடைசியாக 2010-இல் வந்து சேர்ந்தது. ரீனோவின் ரயிலில் கூட்டம் தானாகக் குறைந்தது.

அந்த நெவாடாத் தாள் ஒன்று நம் நாட்டின் ஜலந்தருக்கும் வந்து சேர்ந்தது. நம்மவர்களுக்கு மணமுறிவு என்ற சட்டமே புதிது. சென்னை மாகாணம் இந்துக்களுக்கு 1949-இல் அவ்வுரிமையை அளித்தது; நாடு முழுவதற்குமான இந்துத் திருமணச் சட்டம் 1955-இல் வந்தது. அதே 1955-இல் ஜலந்தரில் மணந்த ஒருவர், 1959-இல் படிப்புக்காக அமெரிக்கா சென்றார். மனைவி ஊரில் இருந்தார்; குழந்தைகள் இருவர். 1965-இல் மனைவி ஜீவனாம்சம் கேட்டு ஜலந்தர் மாஜிஸ்டிரேட்டிடம் மனுச் செய்தபோது, 'எனக்கு மனைவியே இல்லை' என்று கணவர் ஒரு தாளை நீட்டினார். 1964 டிசம்பர் 30-ஆம் நாள் நெவாடா நீதிமன்றம் அளித்த மணமுறிவு அது. மாஜிஸ்டிரேட் அதனை ஏற்காமல், மனைவிக்கு மாதம் 300 ரூபாயும் குழந்தைகளுக்குத் தலைக்கு 100 ரூபாயும் தருமாறு ஆணையிட்டார். ஆனால் உயர்நீதிமன்றம் கணவர் பக்கம் சாய்ந்தது. காரணம் என்ன தெரியுமா? மனைவியின் நிலைக்குடி கணவனுடையதே என்ற அந்தப் பழைய முள்தான். ஜலந்தரை விட்டு அசையாத பெண்மணி, சட்டத்தின் கண்ணில் நெவாடாவாசி ஆகிவிட்டார்!

சட்டத்தார் 'சத்யா வழக்கு' என்று கூறும் இவ்வழக்கில், 1974 அக்டோபர் முதல் நாள், சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தீர்ப்புரைத்தார். கணவர் நெவாடாவுக்குப் போனது தீர்ப்பு வாங்குவதற்காகவே, வாங்கியதும் வெளியேறிவிட்டார், அங்கே தமக்கு நிலையான வீடு என்று சொன்னது பொய். நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு அடித்தளமான செய்தியிலேயே வஞ்சனை இருப்பதால் இத்தீர்ப்பு இந்தியாவில் செல்லாது. 1908-ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவை அவர் துணைக்குக் கொண்டார். அயல்நாட்டுத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தும் என்று கூறும் அப்பிரிவு, கூடவே ஆறு வாசல்களையும் திறந்து வைத்திருக்கிறது. தகுதியற்ற நீதிமன்றம், இயற்கை நீதிக்கு மாறான விசாரணை, வஞ்சனை ஆகியவை அவற்றுள் சில.

ஆனால் கணவர் வஞ்சனை செய்யாமல், விதித்த நாள்களைக் கணக்காக வசித்து வாங்கிய தீர்ப்பாயின்? அவ்வினாவுக்கு 1991 ஜூலையில் விடை வந்தது. திருப்பதியில் 1975-இல் நடந்த மணம். கணவர் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 90 நாள் வசித்ததைக் காட்டி 1980-இல் மணமுறிவு பெற்றார்; மறுமணமும் செய்துகொண்டார். மனைவி இருதாரக் குற்றச்சாட்டுக் கொடுத்தார். மாஜிஸ்டிரேட், மிசௌரித் தீர்ப்பின் ஒளிநகலைப் பார்த்துவிட்டுக் கணவரை விடுவித்தார். முறையாகச் சான்றிடப்படாத ஒளிநகல் சாட்சியமாகாது என்பதோடு நில்லாமல், நீதிபதி பி.பி. சாவந்த் எழுதிய தீர்ப்பு ஒரு பொது விதியையே வகுத்தது. எந்தச் சட்டத்தின் கீழ் மணந்தார்களோ அந்தச் சட்டம் குறிக்கும் நீதிமன்றமே, அது குறிக்கும் காரணங்களுக்காகவே, மணத்தை முறிக்கலாம். எதிர்த்தரப்பார் அந்த அயல்நாட்டிலேயே நிலையாக வாழ்பவராக இருந்தாலோ, தாமே விரும்பி அங்கே சென்று வழக்காடியிருந்தாலோ, நம் சட்டத்திலுள்ள காரணத்துக்காக அளிக்கப்பட்ட தீர்ப்பை ஏற்கலாம். அவர் முழு மனத்தோடு இசைந்திருந்தாலும் ஏற்கலாம். சும்மா ஓர் அறிவிப்பு அனுப்பியதும், அதற்கு ஒரு பதில் வந்ததும் வழக்காடியதாகாது. கடல் கடந்து சென்று வக்கீல் வைக்க அவளுக்கு வசதி இருந்ததா என்பதையும் பார்க்கவேண்டும்.

இவ்விதியில் எனக்கு ஒரு குறையும் தோன்றுகிறது. மீட்க முடியாதபடி மணவாழ்வு முறிந்தது என்பது நம் இந்துத் திருமணச் சட்டத்தில் இன்னும் ஒரு காரணமாக எழுதப்படவில்லை. சுப்ரீம் கோர்ட்டு மட்டும் தன் தனி அதிகாரத்தால் அவ்வாறு முறிக்கலாம் என்று 2023-இல் முடிவாயிற்று. அயல்நாட்டில் அக்காரணத்துக்காக மணமுறிவு பெற்றுத் தாயகம் திரும்புகிறவள் பெண்ணாக இருந்தால், காவலுக்குக் கட்டிய அதே வேலி அவள் காலையும் கிழிக்கலாம். 2003-இல் வந்த திருத்தம் ஒன்று மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே மனுச் செய்யலாம் என்று கூறியது. அது எளிய திருத்தம், ஆனால் பலருடைய ரயில் செலவை மிச்சப்படுத்தியிருக்கிறது.

மூத்தவர் கேட்ட மூன்று கேள்விகளுக்கு அன்று அந்தப் பெண்மணி சொன்ன விடைகள்: கணவர் அந்த ஊருக்குப் போய்ச் சில மாதங்களே ஆகின்றன, அறிவிப்பு வரவில்லை, காரணம், ஒத்துப்போகாமை. தாளில் அசல் முத்திரையும் இல்லை. மூத்தவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அம்மா, இந்த நாட்டில் நீங்கள் அவருக்கு மனைவிதான்" என்றார்.

"அந்த நாட்டில்?"

"அங்கே இல்லை."

பெண்மணி வெகுநேரம் பேசவில்லை. சட்ட நூலில் 'நொண்டும் மணம்' என்ற தொடரை நான் பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருந்தேன். அது எப்படியிருக்கும் என்பதை அன்றுதான் எதிரில் கண்டேன்.

ஜீவனாம்சத்துக்கு மனுச் செய்தோம். மாதம் 500 ரூபாய்க்கு மேல் அளிக்க அன்றைய சட்டம் இடந்தரவில்லை; அந்த உச்சவரம்பு 2001-இல்தான் நீங்கியது. கணவருக்கு ஊரிலிருந்த நிலப் பங்கிலிருந்து தொகை வசூலாயிற்று. மூன்றாண்டு கழித்து அந்தப் பெண்மணியே, கணவர் தம்மைக் கைவிட்டார் என்ற காரணத்தைக் காட்டி, எங்கள் ஊர் நீதிமன்றத்தில் மணமுறிவு கேட்டுப் பெற்றார். தீர்ப்பை நான்தான் அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைப் படிக்கவில்லை. முதலில் தாளைத் திருப்பி, சான்றிட்ட நகல்தானா, முத்திரை இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.